மறுசீரமைத்த டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு: முதல் பத்து மணி நேரத்துக்கான எரிபொருள் கலவை

சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (போர் அடித்து), புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு மீண்டும் பூட்டிய, படகின் பின்புறம் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாருக்கு, முதல் பத்து மணி நேர ஓட்டம் முடியும்வரை 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்ற அளவில் கலக்க வேண்டும். அதாவது லிட்டருக்கு 40 மில்லி. வழக்கமான ஓட்டத்துக்குப் பெரும்பாலான மோட்டார்கள் கேட்பது 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. சில மாடல்களுக்கு 100-க்கு 1 போதும் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் மோட்டாரின் கையேடு ரன்னிங்-இன் (புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்) காலத்துக்கு வேறு அளவைச் சொன்னால் அதுவே முடிவானது.

இந்த இன்ஜினில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, பேரிங்குகளையும் கனெக்டிங் ராடின் இரு முனைகளையும் நனைத்து, பிறகு சிலிண்டர் சுவரில் படிந்து, கடைசியில் எரிந்து வெளியேறுகிறது. ஹோனிங் செய்த (கல்லால் தேய்த்துச் சீராக்கிய) புதிய சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இருக்கும். அந்தக் கீறல்களின் முனைகள் தேய்ந்து ரிங் சுவரோடு பொருந்தும்வரை உராய்வும் வெப்பமும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்பதால்தான் இரட்டிப்பு ஆயில் தருகிறோம்.

இரட்டிப்பே நல்லது என்றால் அதற்கும் மேலே ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று எண்ணி, 'ஒரு கை கூடவே' ஊற்றும் பழக்கம் கரையில் பரவலாக இருக்கிறது. இது தவறு. ஆயில் கூடும் அளவுக்கு கார்புரேட்டரில் உள்ள அதே ஜெட் (எரிபொருள் செல்லும் சிறு துளை) வழியாகச் செல்லும் பெட்ரோல் குறைகிறது. காற்றோடு ஒப்பிட்டால் கலவை மெலிந்து, எரியும் வெப்பம் ஏறுகிறது. பிளக் நனைந்து அடைபடும், ரிங் பள்ளங்களில் கரி சேரும், ரிங் சுவரில் பதியவும் தாமதமாகும். 25-க்கு 1 என்பதே போதுமான உச்சம்.

ஆயில் எது என்பதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. டப்பாவின் மேல் டிசி-டபிள்யூ3 என்ற குறி இருக்க வேண்டும். தண்ணீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கென வகுத்த தரம் அது. விலை குறைவு என்பதற்காகப் பலர் வாங்கும் மோட்டார் சைக்கிள் டூ-டி ஆயில், காற்றால் குளிர்ந்து அதிகச் சூட்டில் ஓடும் இன்ஜினுக்காகச் செய்தது. அதில் சேர்க்கும் உலோகக் கலப்பு எரிந்தபின் சாம்பலாகிப் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படிந்து, சிலிண்டருக்குள் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளக் காரணமாகலாம். கார் இன்ஜின் ஆயிலை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

கலப்பதற்கு முன் பழைய எரிபொருளை முழுவதும் வெளியேற்றுங்கள். டேங்கை மட்டும் காலி செய்துவிட்டு ஹோஸையும் அதிலுள்ள, கையால் அழுத்தும் பம்ப் பல்பையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் மறந்துவிடுகிறார்கள். புதிய பிஸ்டன் முதன்முதலாக மேலும் கீழும் ஓடும் அந்த நிமிடங்களில் அது குடிப்பது, மாதக்கணக்கில் கிடந்த பழைய கலவையாக இருந்துவிடுகிறது.

இனி அளவு. சிவப்பு நிறத்தில் வரும் 24 லிட்டர் டேங்கை நிரப்ப 960 மில்லி ஆயில் வேண்டும். 10 லிட்டருக்கு 400. 5 லிட்டருக்கு 200. பலர் குவாட்டர் பாட்டிலால் அளக்கிறார்கள். அது 180 மில்லிதான் பிடிக்கும். 5 லிட்டருக்கு ஒரு குவாட்டர் ஊற்றினால் கலவை ஏறத்தாழ 28-க்கு 1 ஆகிவிடுகிறது. பெட்ரோலையும் கேனின் பாதி, முக்கால் என்று கண்ணால் மதிப்பிட்டால் தவறு இன்னும் பெருகும். மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை வாங்கி, அதை இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே என் வழக்கம். பெட்ரோல் பங்கில் எத்தனை லிட்டர் போட்டார்கள் என்பதை ரசீதில் பார்த்து, அதற்கேற்ப ஆயிலை அளக்கிறேன்.

ஊற்றும் வரிசையும் முக்கியம். முதலில் கால் பங்கு பெட்ரோல், அடுத்து அளந்த ஆயில் முழுவதும், மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கியபின் மீதிப் பெட்ரோல், மறுபடியும் குலுக்கல். ஒருமுறை அவசரத்தில் நிரம்பிய டேங்கின் மேலாக ஆயிலை ஊற்றி அப்படியே படகில் வைத்துவிட்டேன். இன்ஜின் இரண்டு நிமிடம் புகைந்துவிட்டு நின்றது. பிளக்கைக் கழற்றினால் சொட்டச் சொட்ட ஆயில். டார்ச் அடித்து டேங்குக்குள் பார்த்தபோது, நீல நிற ஆயில் அடியில் ஒரு பாய் விரித்தாற்போல் படிந்து கிடந்தது. ஆயில் பெட்ரோலைவிட எடை கூடியது. உறிஞ்சும் குழாயோ டேங்கின் அடியில் இருக்கிறது. அந்தக் கனத்த கலவை தீர்ந்தபின் மேலே மிஞ்சுவது ஆயில் குறைந்த பெட்ரோல் என்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. அன்று பிளக் அடைபட்டு இன்ஜின் நின்றதே பிஸ்டனைக் காப்பாற்றியது.

பெட்ரோலில் கலந்து வரும் எத்தனாலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவில் இப்போது பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளின் கையேடுகள் பலவும் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்பதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் மூடி தளர்ந்த டேங்கைச் சில வாரங்கள் விட்டால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனி அடுக்காக இறங்கக்கூடும். நாம் அளந்து ஊற்றிய ஆயில் மேலடுக்கில் இருக்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் இன்ஜினுக்கோ ஆயிலே இல்லாத திரவம் போய்ச் சேரும். புதிதாகப் போர் அடித்த சிலிண்டருக்கு இதைவிடக் கேடு வேறில்லை. ஆகவே இரண்டு மூன்று நாள் ஓட்டத்துக்கு வேண்டிய அளவை மட்டும் கலந்து, தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை ஹோஸில் பொருத்துங்கள். சந்தேகம் வந்தால் டேங்கின் அடியிலிருந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். இடையில் கோடு தெரிந்தால் அந்த டேங்க் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். கூடுதல் ஆயில் ஊற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டார் என்றால் இரண்டு டேங்கிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும். கிளப்புவதற்கான சிறிய பெட்ரோல் டேங்கை வெறும் பெட்ரோலால் நிரப்பிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. ஆயிலைத் தானாகச் செலுத்தும் பம்ப் உள்ள மோட்டார்களில், அந்தப் பம்பை இயங்கவிட்டே டேங்கில் 50-க்கு 1 கலவையையும் ஊற்றுவது பொதுவான முறை. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 25-க்கு 1 கிடைக்கும். பம்ப் உண்மையிலேயே ஆயிலை இழுக்கிறதா என்பதை ஆயில் டேங்கின் மட்டம் இறங்குவதைக் கொண்டு உறுதிசெய்யலாம்.

கலவை சரியாக இருந்தாலும் ஓட்டும் விதம் தவறினால் ரிங் பதியாது. முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் சீராகப் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். அங்கிருந்து முதல் மணி நேரம் முடியும்வரை பாதி த்ராட்டில் (வேகக் கைப்பிடி பாதி திறந்த நிலை), நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் போகாமல். இரண்டாவது மணி நேரத்தில் படகு நீர்மட்டத்தின் மேல் எழும்பி ஓடும் அளவுக்குத் திறந்து, எழும்பியதும் முக்கால் த்ராட்டிலுக்குக் குறையுங்கள். மீதி எட்டு மணி நேரத்தில் முழு த்ராட்டிலை ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்காமல், வேகத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே ஓட்டுங்கள். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மணிக்கணக்காக மெதுவாக ஓடவிடுவதால் இன்ஜின் பதப்படும் என்று நம்புவோர் உண்டு. சுமை இல்லாமல் ரிங் சுவரை அழுத்திப் பிடிப்பதில்லை, கரிதான் சேரும். இந்த நாள்களில் வலைச் சுமையோடு தொலைவுக்குப் போக வேண்டாம் என்று படகு உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது மெக்கானிக்கின் கடமை.

முந்தைய பிஸ்டன் ஏன் ஜாம் ஆனது என்பதைக் கண்டறியாமல் இவை எதையும் தொடங்கக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். அடைபட்ட ஜெட்டோ, குளிர்விக்கும் நீரை இறைக்கும் இம்பெல்லர் தேய்ந்திருப்பதோ, கிராங்க் சீலில் காற்றுக் கசிவோ அப்படியே இருந்தால், எவ்வளவு கவனமாகக் கலந்த ஆயிலும் புதிய பிஸ்டனைக் காப்பாற்றாது.

பத்து மணி நேரத்தை டேங்க் கணக்கில் பார்க்காமல், ஒரு நோட்டில் ஓடிய நேரத்தை எழுதிவாருங்கள். அது நிறைவானதும் மிஞ்சிய கலவையை வீணாக்க வேண்டியதில்லை. 6 லிட்டர் மிஞ்சியிருந்தால் அதோடு 6 லிட்டர் வெறும் பெட்ரோல் சேர்த்துக் குலுக்கினால் 50-க்கு 1 ஆகிவிடும். இன்ஜின் முழுவதும் ஆறியபின் ஹெட் போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் இறுக்கத்தில் ஒருமுறை சரிபார்த்து, கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை) அளந்து எழுதிவையுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். கூடுதல் ஆயிலில் ஓடிக் கறுத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போட்டு, 50-க்கு 1 கலவையில் ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால், அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் கார்புரேட்டரைத் திறந்தாக வேண்டும்.