தோலில் ஒட்டும் மருந்தும் புற்றுநோயாளி வீட்டில் நேரும் தவறுகளும்

மருந்துக் கடையில் நிற்கும் என்னிடம் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், மார்பில் கட்டியுள்ள தம் தாயாருக்கு நித்தியகல்யாணி இலையை அரைத்துப் பற்றுப் போட்டு, அதன் மேல் வாழையிலை வைத்துத் துணியால் கட்டியிருப்பதாகச் சொன்னார். அந்தச் செடியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டது உண்மைதான். வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும் நம் ஊரில் சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்கப்படும் அதே செடியின் மருந்துகள். ஆனால் 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இலையில் மருந்து நிறைய இருந்தாலும் தோல் அதை உள்ளே விடாது. தோலின் வெளிப்புறத்தில் இறந்த செல்களாலான ஒரு படலம் இருக்கிறது; 10 முதல் 20 மைக்ரோமீட்டர் கனமே உள்ள அது, எழுதும் தாளைவிட மெல்லியது என்றாலும், 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. நிக்கோட்டின் 162 டால்டன் என்பதால், தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையான பேட்ச் வழியாக எளிதில் நுழைகிறது. வின்கிறிஸ்டின் 825, இன்னொரு புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செல் 854. பாக்லிடாக்செலை உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரே தடவையில் ஏற்றுவதுண்டு. பேட்ச் ஒரு நாளில் செலுத்தக்கூடியதோ சில மில்லிகிராம்தான். வின்கிறிஸ்டின் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாது என்பதால் அதற்காவது பேட்ச் பொருந்தாதா என்று கேட்கலாம். இரத்தநாளத்தில் ஏற்றும்போது சிறிது வெளியே கசிந்தாலே சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கும் மருந்தை நாள்கணக்கில் தோலில் அழுத்தி வைப்பது எப்படி இருக்கும் என்பதையும் அப்போது நினைத்துப் பார்க்க வேண்டும். நுண்ணூசிகள் பதித்த பேட்ச்கள் மூலம் இத்தடையைத் தாண்டும் முயற்சிகள் ஆய்வு நிலையில் உள்ளன. கைப்பேசியில் விளம்பரமாக வரும் மூலிகைப் புற்றுநோய்ப் பிளாஸ்திரிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் செடியின் மருந்து எதுவுமே தோல்வழி போகாது என்று முடிவுகட்டுவதும் தவறு. 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து பேட்ச்சில் இருந்தது, பயண வாந்தியைத் தடுக்கும் ஸ்கோபொலமின். ஊமத்தையிலும் உள்ள, 303 டால்டனே எடையுள்ள பொருள். பென்னாகரம் சாலையோரத்து ஊமத்தை இலையை வதக்கி வீக்கத்தின் மேல் கட்டுகிறவர்கள், குறிப்பாகப் புண்ணின் மேலோ குழந்தையின் உடலிலோ கட்டுகிறவர்கள், அதன் நஞ்சு தோல்வழி உள்ளே போகலாம் என்பதை மறக்கக் கூடாது.

புற்றுநோயாளியின் உடலில் உண்மையில் ஒட்டப்படும் பேட்ச் பெரும்பாலும் ஃபென்டனில். அது வலிக்கான மருந்து, கட்டியைக் கரைக்காது. அதை ஒட்டியதால் புற்றுநோய்க்கான ஊசி மருந்தை நிறுத்திவிட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். ஒட்டிய ஒரு மணி நேரத்தில் வலி குறையவில்லையென்று இன்னொன்றை ஒட்டுவது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் மருந்து இரத்தத்தில் போதிய அளவை எட்ட அரை நாளுக்கு மேல் ஆகும். வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துவிட்டு, வேறோர் இடத்தில் புதியதை ஒட்ட வேண்டும். விலையை மிச்சம் பிடிக்கக் கத்தரியால் பாதியாக வெட்டினால், மருந்து ஒரேயடியாக வெளிப்படலாம்.

வெயிலைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சூடு பட்டால் தோல் கூடுதல் மருந்தை உறிஞ்சும். சித்திரை வெயிலில் தருமபுரியிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் போகும்போது, பேட்ச் ஒட்டிய தோளை ஜன்னல் பக்கம் காட்டி உட்காரக் கூடாது, அதன் மேல் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எழுப்பினாலும் எழாத தூக்கமோ, மூச்சு மெதுவாவதோ தெரிந்தால் பேட்ச்சை உரித்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எடுத்த பேட்ச்சில் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவு மருந்து மீதம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, மூடியுள்ள டப்பாவில் எட்டாத உயரத்தில் வைத்து, அடுத்த முறை போகும்போது மருத்துவமனையில் ஒப்படைத்துவிடுங்கள்.