வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? செல்ஃபைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

வேலை பழக வரும் பையன்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. அந்தக் காலத்தில் நாங்கள் பண்ணிய அதே கூத்துதான். வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது, செல்ஃபை (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரை) அவசரப்பட்டுக் கழற்றுவது மாதிரி அவர்கள் பண்ணும் தப்புகள்தான் கீழே. டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி உங்கள் நேரத்தை வீணடிக்க மாட்டேன்.

சுற்றுகிறதா, சுற்றவில்லையா என்று கேட்காதது

இன்ஜின் சுற்றவே இல்லையென்றால் பெரும்பாலும் கரன்ட் கோளாறு. சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் ஸ்பார்க், பெட்ரோல், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவது) இவற்றில் ஒன்று. இதைப் பிரிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

12.6 வோல்ட்டை நம்பி செல்ஃபை மாற்றுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். ஒரு காரில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பையன் பேட்டரியில் வோல்ட் மீட்டரை வைத்தான். 12.6, அதாவது முழு சார்ஜ். "பேட்டரி நல்லா இருக்குண்ணே, செல்ஃப்தான் போச்சு" என்று கழற்றிவிட்டான். புது செல்ஃப் மாட்டியும் அதே 'டக்'. கடைசியில் பார்த்தால், பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு வரும் எர்த் வயரின் போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாள் வேலை. செல்ஃப் காசு வண்டிக்காரர் தலையில்.

கரன்ட்டும் தண்ணீர்க் குழாய் மாதிரிதான். குழாயை மூடி வைத்திருக்கும்வரை பிரஷர் நன்றாகத்தான் காட்டும். திறந்தால்தான் அடைப்பு தெரியும். செல்ஃப் இழுக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டும். அதனால் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் அளவெடுங்கள் (முதலில் நியூட்ரல், ஹேண்ட்பிரேக்!). பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். விழவில்லையா? மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் (கிளாம்ப்பில் அல்ல, குமிழில்), மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃபின் தடித்த வயர் வரை இதே மாதிரி அளந்தால் 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் சுத்தம், சாவியைத் திருப்பும்போது செல்ஃபுக்குக் கட்டளை தரும் மெல்லிய சிக்னல் வயரிலும் கரன்ட் வருகிறது என்றால் தாராளமாகக் கழற்றுங்கள்.

ஸ்கேனர் காட்டிய பாகத்தை அப்படியே மாற்றுவது

ஸ்கேனர் என்பது வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி. அது காட்டும் பாகத்தின் வயரையும் கப்ளரையும் (வயரை இணைக்கும் சொருகி) முதலில் பாருங்கள். பேட்டரி இறங்கியிருந்தாலே கண்ட கண்ட கோளாறு எண்ணும் வரும்.

விடாமல் செல்ஃப் அடிப்பது

பத்து விநாடி. பிறகு ஆறவிடுங்கள்.

வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுவதைக் கவனிக்காதது

திணறலே இல்லாமல் ஒரே சீராக 'விர்ர்' என்று சுற்றினால் டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை) அறுந்திருக்கலாம். சாவியை விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவி போடுவது

கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.