கியர் லிவர் அருகே கொதித்த ரோட்டரி கார்: என் அனுபவம்

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை போனாலே கியர் லிவர் அருகே தரைவிரிப்பு கொதிக்கும். கருகிய வாடை வரும், இழுவையும் குறையும். வெப்பமானி முள் மட்டும் நடுவிலேயே நிற்கும்.

ரேடியேட்டரைக் கழுவினோம், தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். பயனில்லை. புகைக்குழாயில் வெப்பத்தடுப்பு நாடாவும் சுற்றியாயிற்று. சூட்டை மூடினோமே தவிர அது குறையவில்லை.

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழலும். என் காரில் முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ‘லீடிங்’ பிளக் எரிப்பைத் தொடங்கும். ‘டிரெயிலிங்’ பிளக் மிச்சத்தை எரித்து முடிக்க உதவும். இரண்டாவது செத்துப்போனாலும் எஞ்சின் ஏறக்குறைய வழக்கம்போலவே ஓடும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். எரியாத பெட்ரோல் வெளியேறி, புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது. அந்தச் சூடுதான் மேலே தரைவிரிப்பில் தெரிகிறது. இந்த எஞ்சினின் புகையோ இயல்பிலேயே கடும் சூடு.

தேவகோட்டை மெக்கானிக் அண்ணன், எஞ்சின் ஆறியபின் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். பின் ரோட்டரின் டிரெயிலிங் பிளக் மட்டும் கரி படிந்து ஈரமாக இருந்தது. அதற்குத் தீப்பொறி மின்சாரம் தரும் காயிலை முன் ரோட்டரின் டிரெயிலிங் பிளக்குக்கு மாற்றிப் பூட்டி ஓட்டினார். ஈரமும் முன்னே வந்துவிட்டது, அதாவது கோளாறு காயிலில்தான். காயிலையும் பிளக்குகளையும் புதிதாகப் போட்ட பிறகே, உள்ளே உருகி அடைத்திருந்த கன்வர்ட்டரை மாற்றினோம். காயிலைச் சரிசெய்யாமல் கன்வர்ட்டரை முதலில் மாற்றினால் புதியதும் உருகும்.

மதுரை வரை ஓட்டிப் பார்த்தேன். வாடை இல்லை, இழுவை திரும்பிவிட்டது. பெரிய நிம்மதி.