பழைய தமிழ்ப் படத்தைப் பத்தி எழுதப்போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

சினிமா வரலாறு எழுத வர்ற பசங்க கட்டுரையை அனுப்பி, படிச்சுப் பாத்து சொல்லுங்கன்னு கேப்பாங்க. பேர் தப்பு, வருஷம் தப்பெல்லாம் ஒருதரம் சரிபாத்தா போயிடும், அதை விடுங்க. நாங்கல்லாம் ஆரம்பத்துல பண்ண கோளாறையே இவங்களும் வரிசையா பண்றாங்க, அதுக்குத்தான் இது.

யூடியூப்ல கிடைக்கிறதுதான் படம்னு நம்புறது

இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் வர்ற தப்பு இதுதான். 1950கள்ல வந்த ஒரு கருப்பு வெள்ளைப் படத்தோட ஒளிப்பதிவைப் பத்தி ஒரு பையன் மாசக்கணக்குல உழைச்சு எழுதியிருந்தான், அவனோட வாதமே என்னன்னா க்ளோசப்ல எல்லாம் நெத்தி வெட்டுப்படுது, பாத்திரங்களோட மூச்சுமுட்டலைக் காட்டத்தான் டைரக்டர் அப்படி ஃப்ரேம் வெச்சிருக்காருன்னு. நெத்தியை வெட்டினது டைரக்டர் இல்லப்பா, வீடியோவை ஏத்தின ஆளு! அந்தக் காலத்து ஃப்ரேம் 1.37க்கு 1, சதுரத்தைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். இப்ப டிவி எல்லாம் 16க்கு 9. ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை தெரியக்கூடாதுன்னு மேலயும் கீழயும் வெட்டிடுறாங்க, கணக்குப் போட்டா உயரத்துல கிட்டத்தட்ட கால்வாசி காலி. தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமே 1973ல வந்த 'ராஜராஜ சோழன்'தான். அதனால 50கள்ல வந்த படம் உங்க திரை முழுக்க ரொம்பி நின்னா ஒண்ணு வெட்டியிருக்கான், இல்ல இழுத்திருக்கான். வெட்டியிருந்தா டைட்டில் கார்டுல மேல் வரி பாதி இருக்காது. இழுத்திருந்தா வண்டிச் சக்கரம் முட்டை மாதிரி தெரியும். எழுத உக்கார்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

நீளத்தையும் பாருங்க. 35 எம்எம் பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். சென்சார் சர்டிபிகேட்ல 16,000 அடின்னு இருந்தா படம் ஏறக்குறைய 178 நிமிஷம். உங்க கையில இருக்கற காப்பி 140 நிமிஷம்தான்னா மிச்சத்தை யாரோ தூக்கிட்டாங்க. இது தெரியாம "பாட்டுக்கு நடுவுலயே காட்சி சட்டுனு மாறுது, அந்தக் காலத்துக்கு எவ்வளவு நவீனமான எடிட்டிங்"னு எழுதறதைப் படிக்கறப்போ வேதனையா இருக்கு, ஏன்னா அடுத்து வர்றவனும் அதையே ஆதாரமா எடுத்துப்பான்.

பாக்காத படத்துக்கு விமர்சனம்

1931ல வந்த 'காளிதாஸ்'ல டி.பி. ராஜலட்சுமி நடிப்பு இயல்பா இருந்துச்சுன்னு எழுதறாங்க. அந்தப் படத்தோட காப்பியே இப்ப இல்ல, எங்க பாத்தீங்க? அந்தக் காலத்துப் பத்திரிகை விமர்சனத்தை வெச்சு எழுதுனா, இன்ன பத்திரிகை இப்படிச் சொல்லுதுன்னு சொல்லிட்டு எழுதுங்க, தப்பே இல்ல. பழைய படங்களோட பாட்டுப் புத்தகங்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல இருக்கு, போய்ப் பாருங்க. ஆனா அதுல கதைச்சுருக்கம் பாதியில நின்னு "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு முடிஞ்சிடும், அதனால கிளைமாக்ஸை நீங்களா ஊகிச்சு எழுதிடாதீங்க.

'முதல்' சண்டை

எது முதல் படம், எப்ப வந்துச்சுன்னு சண்டை ஓயாது. தென்னிந்தியாவோட முதல் மௌனப் படம்னு சொல்ற 'கீசக வத'த்துக்கு 1916, 1917, 1918னு மூணு வருஷமும் அச்சுல இருக்கு. எதை எடுத்தாலும் எங்க இருந்து எடுத்தீங்கன்னு போடுங்க.

பேட்டியை மட்டும் வெச்சு வரலாறு

வேணாம். முப்பது வருஷம் கழிச்சு நினைவுல இருந்து பேசுறது அது. படம் வந்த வாரத்து பேப்பரோட ஒத்துப் பாருங்க.

50கள்னா வெறும் பாட்டும் வசனமும்தான்னு முடிச்சுடறது

1954ல 'அந்த நாள்' ஒரு பாட்டுகூட இல்லாம வந்துச்சு. பாத்துட்டு எழுதுங்க.