சைப்ரஸ் தீவின் பாம்புகளும் பல்லிகளும் ஆமைகளும்: அச்சத்தால் நேரும் தவறுகள்

கிழக்கு மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவில் ஏறத்தாழப் பத்து வகைப் பாம்புகள் வாழ்கின்றன. அவற்றுள் மனித உயிரைப் பறிக்கும் அளவுக்கு நஞ்சுடையது ஒன்றுதான். உள்ளூர்க் கிரேக்கர்கள் ‘கூஃபி’ என்று அழைக்கும் மழுங்கு மூக்கு விரியன் அது. அந்த ஒன்றின் மீதுள்ள அச்சத்தில்தான் மற்றவையும் மண்வெட்டிக்கும் கல்லுக்கும் இரையாகின்றன. படிப்புக்காகவும் வீட்டுப் பணி, பண்ணை வேலை ஆகியவற்றுக்காகவும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அங்கு செல்வோர் நம்மிடையே குறைவில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் அந்தத் தீவின் தோட்டத்திலோ மலைப்பாதையிலோ ஒரு பாம்பைக் கண்டால் செய்யக்கூடிய தவறுகள், உள்ளூர்க்காரர்கள் செய்யும் தவறுகளிலிருந்து சற்றே வேறுபட்டவை. இரண்டையும் இங்கே பார்க்கலாம்.

முதல் தவறு, நச்சுப் பாம்பைக் கண்டறிய ஒரு சுலபமான விதி இருப்பதாக நம்புவது. தலை முக்கோணமாக இருந்தால் விரியன், கண்மணி செங்குத்தான கீற்றாக இருந்தால் விரியன் என்ற இரண்டு விதிகளும் சைப்ரஸில் ஒருசேரத் தோற்றுப்போகின்றன. காசு போன்ற வட்டப் புள்ளிகள் முதுகில் வரிசையாக அமைந்த ஒரு நஞ்சற்ற பாம்பு அங்கே உண்டு. அதன் நிறமும் புள்ளிகளும் விரியனை ஒத்திருப்பது போதாதென்று, மிரண்டால் அது தலையைத் தட்டையாக்கி முக்கோண வடிவுக்குக் கொண்டுவந்து, சீறிக்கொண்டு பாய்வதுபோல் பாசாங்கும் செய்யும். பருந்தையும் நரியையும் விரட்டுவதற்கு உதவும் இந்த நடிப்பே மனிதன் எதிரில் அதற்கு எமனாகிவிடுகிறது. கண்மணி விதியின் கதையும் இதுதான். இரவில் பல்லி வேட்டையாடும் பூனைக்கண் பாம்புக்கும் கண்மணி செங்குத்தான கீற்றுதான். அதன் நச்சுப் பற்கள் மேல்தாடையின் பின்பகுதியில் இருப்பதாலும் நஞ்சு வலுவற்றது என்பதாலும் அதனால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை. புருவம் துருத்தியதுபோல் கடுமையான பார்வை கொண்ட மோன்பெலியே பாம்பும் அவ்வாறே பின்பல் நஞ்சுடையது. அதைக் கையில் பிடித்து விளையாடாத வரையில் கவலைப்பட ஒன்றுமில்லை. விரியனின் உடல் தடித்தது, வால் குட்டையாகச் சட்டென்று ஒடுங்குவது. காசுப்புள்ளிப் பாம்பின் வாலோ நீண்டு மெலிந்து செல்வது. பழகிய கண் இதைத் தூரத்திலிருந்தே பிரித்தறியும். பழகாதவர் கண்மணியையோ தலைச் செதில்களையோ பார்த்து முடிவு செய்யக் கிட்டே போவதுதான் உண்மையான ஆபத்து. இன்னதென்று தெரிந்தே ஆகவேண்டுமென்றால், நின்ற இடத்திலிருந்தே படமெடுத்து விவரமறிந்தவரிடம் காட்டலாம்.

கரும்பாம்பை அடிப்பது எல்லாவற்றிலும் அறிவீனமான தவறு என்பேன். முழு வளர்ச்சியில் பளபளக்கும் கறுப்பாகி, இரண்டு மீட்டரையும் தாண்டி நீளக்கூடிய பெருஞ்சாட்டைப் பாம்பு அது. நம் ஊர்ச் சாரையைப் போல எலியை ஒழிப்பதோடு அது நிற்பதில்லை. பிற பாம்புகளையும், விரியனையுமேகூடப் பிடித்து விழுங்கும். இதனால்தான் தீவின் பழைய விவசாயிகள் பலர் கரும்பாம்பை வயலில் கண்டால் ஒதுங்கி வழிவிட்டனர். நகரத்திலிருந்து கிராமத்துக்கு வீடு மாறிவந்தவர்களும் வெளிநாட்டவரும் அந்த அறிவு இல்லாமல், அளவைப் பார்த்து மிரண்டு, தங்களைக் காக்கும் பாம்பையே கொன்றுவிடுகின்றனர். இதன் குட்டிகள் கறுப்பாக இல்லாமல் பழுப்பில் கோலம் போட்டதுபோல் இருப்பதால், ‘கரும்பாம்பை நான் ஒன்றும் செய்வதில்லை’ என்று சொல்பவரும் குட்டியை விரியனென்று எண்ணி அடித்துவிடுவதுண்டு.

விரியனைப் பற்றியும் தவறான கணக்குகள் உண்டு. காலடி ஓசை கேட்டால் அது விலகிப் போய்விடும் என்பது அவற்றுள் ஒன்று. சாட்டைப் பாம்புகள் அப்படி ஓடும். கூஃபியோ தன் மண்ணிறத்தை நம்பி அசையாமல் கிடக்கும் இயல்புடையது. நெருங்கி மிதித்தாலோ, அது கிடக்கும் கல்லிடுக்கில் கைவிட்டாலோதான் கடிக்கும். கொளுத்தும் கோடை நண்பகலில்தான் பாம்பு அதிகம் என்பது மற்றொன்று. இளவேனிலில் அது பகலில் வெயில் காய்வது உண்மைதான். கோடையிலோ பகலைக் கல்லடியில் கழித்துவிட்டு, அந்தி சாய்ந்த பின் வெளியே வரும். ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இரவு உணவுக்குப் பின் செருப்போடு, கைவிளக்கு இல்லாமல், தோட்டத்துக் குழாயடிக்கோ ஓடைக்கரைக்கோ போவது நண்பகல் நடையைவிட அபாயமானது. சைப்ரஸ் கிராமத்து ஆண்கள் முன்பு முழங்கால்வரை ஏறும் ‘பொடீனெஸ்’ என்ற தோல் காலணியை அணிந்தே வயலுக்குச் சென்றனர். முள்ளுக்கும் பாம்புக்கும் ஒரே மருந்தாக அது இருந்தது. இன்று திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் கனத்த ரப்பர் பூட்ஸும் கையுறையும் போதும். சாந்து பூசாமல் அடுக்கிய கல் வரப்புகளை வெறுங்கையால் பிடித்து ஏறுவதை மட்டும் எவரும் செய்யக்கூடாது.

கடி நேர்ந்துவிட்டால் செய்யும் தவறுகள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன: கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல். விரியன் நஞ்சு கடிபட்ட இடத்தின் திசுவைச் சிதைத்து வீக்கத்தையும் உண்டாக்கும், இரத்தத்தின் உறையும் தன்மையையும் கெடுக்கும். இறுக்கக் கட்டினால் அந்தச் சிதைவு ஒரே இடத்தில் குவிந்து கை கால் இழப்பில் கொண்டுபோய் விடலாம், கீறினால் குருதி நிற்காமல் போகலாம். வலிக்கு ஆஸ்பிரினோ இபுப்ரொஃபேனோ போட்டுக்கொள்வது இரத்தக் கசிவை மேலும் கூட்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 112 என்ற அவசர எண்ணை அழைத்து மருத்துவமனைக்குச் செல்வதே முறை. வலி குறைவாக இருக்கிறதென்று மறுநாள் வரை காத்திருப்பது கூடாது.

நம்மவர்களுக்கென்றே இரண்டு குறிப்புகள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போனால்தான் மருத்துவர் ஊசி போடுவார் என்ற எண்ணம் அங்கே சற்றும் பொருந்தாது. ஆபத்தான பாம்பு ஒன்றே ஒன்றாக இருக்கும் தீவில் மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்தே முடிவெடுக்க முடியும். அடிக்கப் போய் இரண்டாம் கடி வாங்கியவர்களும், துண்டித்த தலையைத் தொட்டுக் கடிபட்டவர்களும் பல நாட்டு மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். அடுத்து, இந்தியாவில் தயாராகும் நச்சுமுறி மேற்சொன்ன நான்கு இந்தியப் பாம்புகளுக்கானது. மழுங்கு மூக்கு விரியனை உத்தேசித்துச் செய்யப்பட்டதன்று. ஊரிலிருந்து ஒரு குப்பி வாங்கி வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று நினைப்பது வீண். மருத்துவமனைக்கு வெளியே நச்சுமுறி செலுத்துவதே உயிருக்கு உலைவைக்கும் காரியம்.

வீட்டைச் சுற்றிக் கந்தகத் தூளைத் தூவுவதும் நாப்தலின் உருண்டைகளைப் போடுவதும் மத்தியதரை நாடுகளில் பரவலான வழக்கம். இவற்றால் பாம்பு வராமல் இருப்பதில்லை. நாப்தலினைக் குழந்தையோ நாயோ விழுங்கினால் நஞ்சாகும் என்பதுதான் மிச்சம். சுவரோரம் குவித்த விறகையும் கற்களையும் அகற்றுவது, எலிக்குத் தீனி கிடைக்காமல் செய்வது, கதவடி இடைவெளியை அடைப்பது ஆகிய அலுப்பூட்டும் வேலைகளே பயன் தருவன. பூனை வளர்த்தால் பாம்பு அண்டாது என்ற நம்பிக்கைக்குச் சைப்ரஸில் ஒரு புராணமே உண்டு. பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாயான புனித ஹெலெனா நான்காம் நூற்றாண்டில் தீவுக்கு வந்தபோது பாம்புகள் பெருகிக் கிடக்கக் கண்டு, அவற்றை ஒழிக்கப் பூனைகளைக் கப்பலில் வரவழைத்தார் என்பர். அக்ரோத்திரி தீபகற்பத்தில் ‘பூனைகளின் புனித நிக்கொலஸ்’ என்ற மடம் இன்றும் பூனைகளைப் பராமரித்து வருகிறது. கதை அழகானது. ஆனால் தீவில் பூனை அதற்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே இருந்தது. ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட சுமார் 9,500 ஆண்டுப் பழமையான பூனையின் எலும்புக்கூட்டை 2004-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அத்தனை காலம் பூனைகள் இருந்தும் விரியன் ஒழிந்துவிடவில்லை. பூனை கொன்று குவிப்பது பெரும்பாலும் பல்லி, அரணை, சிறு பாம்புக் குட்டி போன்றவற்றையே.

பல்லியினத்தைப் பொறுத்தவரை தவறுகள் மூடநம்பிக்கையில் வேரூன்றியவை. ‘அரணை கடித்தால் உடனே மரணம்’ என்று நாம் சொல்வதைப் போலவே, கிரேக்கம் பேசும் தீவுகளில் கண்புள்ளி அரணையின் கடி பிழைக்க விடாது என்று சொல்லிவந்திருக்கிறார்கள். இரண்டுமே பொய், எந்த அரணைக்கும் நஞ்சு கிடையாது. ‘கூர்கூத்தாஸ்’ எனப்படும் முரட்டுத் தோல் ஓணான் பாறைமேல் ஏறித் தலையை ஆட்டுவது எல்லையை உரிமை கொண்டாடுவதற்காக. அது நம்மைக் கேலி செய்வதாக எண்ணிச் சிறுவர்கள் கல்லெறிவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. பச்சோந்தியைச் சாலையில் கண்டால் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பது மற்றொரு பிழை. முட்டையிட மண்ணைத் தேடித் தரையிறங்கிய பெண்ணாகவும் அது இருக்கலாம். அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சாலையோரப் புதரில் விட்டுவிடுவதே உதவி.

சைப்ரஸுக்கு மட்டுமே உரிய ஊர்வனவும் உண்டு என்பதை அறியாமல் இருப்பதால் வரும் இழப்பு பெரியது. திரூதோஸ் மலைப் பகுதியின் பெயரைத் தாங்கிய பல்லி ஒன்று. 1985-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்ட சைப்ரஸ் சாட்டைப் பாம்பு மற்றொன்று. மெலிந்த, கூச்சமுள்ள அந்தப் பாம்பு தப்பியோடுவதில் கெட்டிக்காரி. இருந்தும் கரும்பாம்பென்றோ விரியனென்றோ தவறாக எண்ணி அதையும் கொல்வோர் உண்டு.

தீவின் தண்ணீர்ப் பாம்பின் நிலைமை இன்னும் மோசம். சதுப்புகள் வற்றியது, நீர் உறிஞ்சப்பட்டது, கொசு ஒழிப்புக்கு நீர்நிலைகளில் நஞ்சு தெளித்தது ஆகியவற்றால் அது அற்றுப்போய்விட்டதாகவே பல பத்தாண்டுகள் கருதப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. பரலிம்னி ஏரியில் அதன் வாழிடத்தை உரிய முறையில் காக்கவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் வழக்குத் தொடுக்க, ஐரோப்பிய நீதிமன்றம் 2012 மார்ச்சில் சைப்ரஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏரியோரம் வீடு கட்டுவதும் மோட்டார் சைக்கிள் பந்தயப் பாதை அமைப்பதும் பாம்பைத் தடியால் அடிப்பதற்குக் குறைந்தவையல்ல. சைப்ரஸ் சாட்டைப் பாம்பு, தண்ணீர்ப் பாம்பு ஆகிய இரண்டும் ஐரோப்பிய வாழிட ஆணையில் முன்னுரிமை இனங்கள். அவற்றைக் கொல்வது சட்டப்படி குற்றம்.

நன்னீர் ஆமை விஷயத்தில் தவறு கருணையிலிருந்து பிறக்கிறது. கழுத்தில் கோடுகள் கொண்ட நாட்டு ஆமை தீவின் ஓடைகளிலும் அணைகளிலும் வாழ்கிறது. கடையில் குட்டியாக வாங்கி வளர்த்த, காதோரம் சிவப்புப் பட்டையுள்ள அமெரிக்க ஆமை தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும், பாவம் என்று அதே அணையில் விட்டுவிடுகிறார்கள். அது நாட்டு ஆமையின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும், நோயையும் பரப்பக்கூடும்.

கடலாமைகளிடம் வருவோர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு வருபவர்கள்தான். தீவின் மேற்குக் கரையிலுள்ள லாரா, தொக்சேஃப்த்ரா கடற்கரைகளில் பெருந்தலை ஆமையும் பச்சை ஆமையும் முட்டையிடுகின்றன. 1978 முதல் அங்கே பாதுகாப்புத் திட்டம் நடந்து வருகிறது. வடக்கே அலகாதி கடற்கரையிலும் நீண்ட காலக் கண்காணிப்பு உண்டு. கோடை நெடுகிலும் முட்டையிடுதலும் குஞ்சு பொரித்தலும் நடக்கும் இவ்விடங்களில் இரவில் தங்குவதும், மணலில் வண்டி ஓட்டுவதும், குடைக் கம்பியை ஆழ ஊன்றுவதும் செய்யக்கூடாதவை. கம்பி முட்டைகளைக் குத்தக்கூடும் என்பது எல்லாருக்கும் புரியும். குடையின் நிழல் மணலைக் குளிர்விக்கும், குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. நரியிடமிருந்து காக்கக் கூட்டின்மேல் வைத்த அலுமினியக் கூண்டை, குஞ்சு சிக்கிக்கொள்ளுமென்று எண்ணி எடுத்துவிடுபவர்களும் உண்டு. குஞ்சுகள் வெளியேறும் அளவுக்கு அதில் இடைவெளி இருக்கிறது.

கூட்டிலிருந்து வெளிவந்த குஞ்சைக் கையில் எடுத்துக் கடலில் விடுவது, கைப்பேசி வெளிச்சத்தில் படமெடுப்பது ஆகிய இரண்டும் அடிக்கடி நடப்பவை. இரவில் கடற்பக்கத்து வானம் தரைப்பக்கத்தைவிட வெளிச்சமாக இருப்பதைக் கொண்டே குஞ்சு திசையறிகிறது. ஒரு விளக்கு போதும், அது கரைநோக்கித் திரும்பி, விடிந்ததும் வெயிலில் வாடியோ நண்டுக்கும் பறவைக்கும் இரையாகியோ போய்விட. கரை ஒதுங்கிய பெரிய ஆமையைக் கண்டால் உடனே கடலுக்குள் தள்ளிவிடுவதும் கூடாது. நலமில்லாமல்தான் அது ஒதுங்கியிருக்கும். நிழலில் வைத்து, முதுகோட்டின்மேல் ஈரத் துணியைப் போர்த்தி, மூக்கை மட்டும் மூடாமல் விட்டு, மீன்வளத் துறைக்குச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து தூண்டில் நூல் தொங்கினால் அதை இழுக்கவே கூடாது. மறுமுனையில் உள்ள முள் தொண்டையிலோ குடலிலோ தைத்திருக்கும். நூலைக் கையளவு வெளியே விட்டு நறுக்கிவிட்டு, முள்ளை எடுப்பதைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.