அஞ்சு வீதம் ஆருக்கு? யப்பான் சம்பளச் சீட்டை வாசிக்கும் முறை

2025 ஏப்ரல் 25, பின்னேரம் நாலரை. கொக்குவிலில் நான் தேத்தண்ணியோடு விறாந்தையில் இருக்கிறேன். நாகோயாவுக்குப் பக்கத்தில் என் மருமகனுக்கு இரவு எட்டு மணி. பெந்தோ என்கிற சோற்றுப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆள் குறைவான துறைகளுக்கு வெளிநாட்டவரை எடுக்கும் 'குறிப்பிட்ட திறன்' விசாவில் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

"மாமா, இஞ்ச ரீவியில சம்பளம் அஞ்சு வீதம் கூடிட்டுது எண்டு சொல்லுறாங்கள். எனக்கு மூவாயிரம் யென்தான் போட்டிருக்கினம். ஏமாத்துறாங்களோ?"

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குப் பகுதியில் 31 வருடம் இருந்தவன் நான். ஊழியர் தொழிற்சங்கத்தில் 9 வருடம் பொருளாளர். சம்பளக் கதை என்றால் சும்மா இருக்க முடியாது. போனின் மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டு யப்பானியச் செய்திகளுக்குள் இறங்கினேன். "கரடி 3.7 வீதம்" என்று வந்தது. இரண்டு நாள் அந்தக் கரடியோடு மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் பிடிபட்டது: 'பேஸ் அப்', அதாவது அடிப்படைச் சம்பளத்தை உயர்த்துவது என்பதை அவர்கள் சுருக்கி 'பேஆ' என்கிறார்கள், கரடிக்கான ஆங்கிலச் சொல்லை யப்பானிய எழுத்தில் எழுதினாலும் அதே எழுத்து. பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போயிருக்கும் வீடுகளுக்கு உதவட்டும் என்று, பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஐந்து வீதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். யப்பானில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் தொழிற்சங்கங்கள் ஒரே நேரத்தில் சம்பளம் கேட்கும். அதற்கு 'ஷுண்டோ' என்று பெயர், வசந்தகாலப் போராட்டம். 1955இல் எட்டுத் துறைச் சங்கங்கள் சேர்ந்து தொடங்கின. நிலக்கரி, தனியார் ரயில், மின்சாரம், காகிதம், இரசாயனம் எல்லாம் அதில் இருந்தன. முன்னின்றவர் இரசாயனத் தொழிலாளர் சங்கத்தின் ஓதா காவொரு. அங்கே சங்கம் கம்பனிக்குக் கம்பனி தனித்தனி. தனியாகக் கேட்டால் "போட்டிக் கம்பனி கூட்டவில்லையே, நாங்கள் கூட்டினால் விழுந்துவிடுவோம்" என்று முதலாளி சொல்வார். எல்லாரும் ஒரே மாதத்தில் கேட்டால் அந்தச் சாட்டு எடுபடாது.

இதை வாசித்தபோது எனக்குப் பழைய கோபம் ஒன்று வந்தது. ஒருமுறை நாங்கள் படிக்காசு கூட்டித் தரும்படி கடிதம் கொடுத்தோம். மேசைக்கு அங்கால் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்: "பக்கத்துச் சங்கத்தில ஒருத்தரும் கேக்கேல்லை. உங்களுக்கு மட்டும் என்ன?" எழும்பி வந்துவிட்டோம். பக்கத்துச் சங்கத்துக்குப் போய் முதலே கதைத்துவிட்டு ஒரே கிழமையில் கடிதம் கொடுக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இன்று ஷுண்டோவை நடத்தும் பெரிய சம்மேளனம் ரெங்கோ. 1989இல் உருவானது, ஏறக்குறைய 70 இலட்சம் உறுப்பினர். தலைவர் யோஷினோ தொமொகோ 2021இல் வந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மாரிகாலத் தொடக்கத்தில், நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதலில், அடுத்த வருடம் எத்தனை வீதம் கேட்பது என்று ரெங்கோ முடிவெடுக்கும். 2025க்கு 5 வீதத்துக்கு மேல் கேட்டார்கள், சிறு கம்பனிகளுக்கு 6க்கு மேல். ஜனவரியில் முதலாளிமார் சம்மேளனமான கெய்தான்ரென் தன் நிலைப்பாட்டை அச்சிட்டு வெளியிடும். பெப்ரவரியில் சங்கங்கள் கோரிக்கைக் கடிதம் கொடுக்கும். மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை பெரிய கம்பனிகள் எல்லாம் ஒன்றாகப் பதில் சொல்லும். 2025இல் அது மார்ச் 12. இரண்டு நாளில் ரெங்கோவின் முதல் கணக்கு வரும், 5.46 வீதம். ரீவிக்காரர் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் சின்னக் கம்பனிகளின் பதில் பிறகுதான் மெல்ல மெல்ல வரும். யூலையில் கடைசிக் கணக்குப் பார்க்கும்போது மொத்தம் 5.25, சிறு கம்பனிகள் 4.65. ஆகவே மார்ச் மாத எண்ணை வைத்து வீட்டில் வரவு செலவு போடாதீர்கள்.

இன்னொன்று. அந்தக் கணக்கில் ரெங்கோவைச் சேர்ந்த சங்கங்கள் உள்ள இடங்கள் மட்டும்தான். 2024இல் யப்பானியத் தொழிலாளரில் சங்கத்தில் இருந்தவர்கள் 16.1 வீதம். மருமகனின் தொழிற்சாலையில் சங்கமே இல்லை. அவனை ஒருவரும் ஏமாற்றவில்லை, அவன் அந்தப் பந்தியிலேயே இல்லை.

சரி, இப்போது கரடிக்கு வருவோம். ஐந்து வீதம் இரண்டு துண்டு. ஒன்று 'தெய்ஷோ': நம் அரசாங்க உத்தியோகத்தரின் வருடாந்த இன்கிரிமென்ட் மாதிரி, வயதும் சேவையும் கூடக் கூட ஏறுவது. மற்றது 'பேஆ': சம்பளத் திட்டத்தையே தூக்கிவைப்பது, நமக்குச் சுற்றறிக்கை வந்து எல்லாருக்கும் திட்டம் மாறுகிற மாதிரி. 2025இன் 5.25இல் பேஆ 3.70. விலைவாசியோடு ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது துண்டைத்தான். இன்கிரிமென்ட்டை அதில் சேர்த்துப் பார்ப்பது நம்மை நாமே ஏய்ப்பது. அந்த வசந்தத்தில் அங்கே 5 கிலோ அரிசி 4,000 யெனைத் தாண்டியது. மருமகன் பாணுக்கு மாறினான், அது அவனுக்குப் பெரிய துக்கம்.

இனிச் சம்பளச் சீட்டு. வட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய படத்தில் மூன்று கட்டம்: வேலை நாள், கொடுப்பனவு, கழிவு. கொடுப்பனவில் முதல் வரி 'கிஹொன்க்யூ', அடிப்படைச் சம்பளம். உங்கள் பிள்ளைக்கு அந்தச் சொல்லின் எழுத்துகளை அடையாளம் காணச் சொல்லுங்கள். கூடியது குறைந்தது என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும். கையில் வரும் தொகையைப் பார்க்கக்கூடாது, ஓவர்டைம் அதைக் குழப்பிவிடும். மருமகனின் கிஹொன்க்யூ 186,000 யெனிலிருந்து 189,000 ஆகியிருந்தது. வகுத்தால் 1.6 வீதம். 5.25 வீதம் என்றால் 9,765 யென் கூடியிருக்க வேண்டும்.

யூனில் மறுபடி போன். "சம்பளம் கூட்டினது எண்டு சொல்லிப்போட்டு இப்ப குறைஞ்செல்லோ வருது மாமா." இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் அதிர்ச்சி, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே 'ஜூமின்ஸெய்' என்ற வதிவிட வரி, போன வருட உழைப்புக்கு இந்த வருடம் யூனிலிருந்து அறவிடுவது. போன புதிதில் அது இருக்காது. அவனுக்கு முழு வருட உழைப்புக்கான வரி 2025 யூனில்தான் தொடங்கியது, மாதம் 7,000 யென் அளவில். மூவாயிரம் கூடி ஏழாயிரம் போனது. அதோடு முடியாது. ஏப்ரல், மே, யூன் மூன்று மாதச் சம்பளத்தைப் பார்த்துத்தான் சுகாதாரக் காப்புறுதியும் ஓய்வூதியக் கட்டணமும் செப்ரெம்பரிலிருந்து திருத்தப்படும். அந்த மூன்று மாதத்தில் ஓவர்டைம் அள்ளிப் போட்டால் பிறகு வருடம் முழுக்கக் கழிவும் கூடும். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓய்வூதியக் கணக்கிலும் அது ஏறத்தான் செய்யும். தெரிந்து செய்யட்டும்.

ஒக்ரோபரில் ஒரு நல்ல செய்தி. குறைந்தபட்ச மணிச் சம்பளம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, வழக்கமாக இலையுதிர் காலத்தில் மாறும். அதை நிர்ணயிக்கும் சபையில் தொழிலாளர் பக்கத்தில் சங்கப் பிரதிநிதிகள் இருப்பார்கள், அவ்வகையில் சங்கமில்லாத என் மருமகனுக்காகவும் யாரோ வாதாடுகிறார்கள். நாகோயா இருக்கும் ஐச்சியில் 1,077 யென் 1,140 ஆனது. கணக்கு இதுதான்: கிஹொன்க்யூவை மாத வேலை மணித்தியாலத்தால் வகுக்க வேண்டும். 189,000ஐ 168ஆல் வகுத்தால் 1,125. அதாவது புதிய எல்லைக்குக் கீழே. கம்பனி 191,520 ஆக்கியே தீரவேண்டும், ஆக்கியது. ஆக்காவிட்டால் தொழில் நியமப் பரிசோதனை அலுவலகத்தில் முறையிடலாம். இந்த வகுத்தலை ஒவ்வொரு ஒக்ரோபரிலும் செய்யுங்கள்.

ஷுண்டோ சம்பளத்தோடு நிற்பதில்லை. வேலை நேரம், வரி, காப்புறுதி என்று கொள்கைக் கோரிக்கைகளும் கூடவே போகும். அதில் மருமகனைத் தொடுவது விலைப் பிரச்சினை. அவனுடைய தொழிற்சாலை பெட்டி விற்பது பெரிய கடைகளுக்கு. அரிசி விலை ஏறினாலும் கடைக்காரன் பெட்டி விலையை ஏற்றவிடாவிட்டால் சின்ன முதலாளி எதை வைத்துக் கூட்டுவான்? கூலிச் செலவை விலையில் சேர்த்துக் கேட்பதற்கு 2023 நவம்பரில் அரசாங்கம் வழிகாட்டி வெளியிட்டது. 2026 ஜனவரியிலிருந்து, பேச மறுத்து ஒருதலையாக விலை வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. முதலாளி "முடியாது" என்று சொன்னால் "கடைகளிடம் விலை கேட்டீர்களா?" என்று பணிவாகக் கேட்க இது ஒரு பிடி.

கேட்பது எப்போது? பெரும்பாலான இடங்களில் ஏப்ரலில் சம்பளம் மாறும், ஆகவே ஏப்ரலில் கேட்பது பந்தி எழும்பின பிறகு இலை போடுவது. பெப்ரவரிக்குள் கேட்கவேண்டும். என்ன கேட்பது? இந்த விசாவில் வேலை செய்பவருக்கு அதே வேலை செய்யும் யப்பானியருக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்பது விதி. ஆகவே "அஞ்சு வீதம் தாருங்கள்" என்று தொடங்காமல், பக்கத்தில் நிற்கும் யப்பானியரின் கிஹொன்க்யூ எந்த அளவில் என்று கேட்பது நல்லது. சரிவராவிட்டால், கம்பனிக்கு வெளியே தனியாளாகச் சேரக்கூடிய சங்கங்கள் அங்கே உண்டு. இங்கே சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும், அங்கே இரண்டு பேர் சேர்ந்தாலே சங்கம். சங்கம் பேசக் கூப்பிட்டால் முதலாளி தக்க காரணமில்லாமல் மறுப்பதைச் சட்டம் தடுக்கிறது. கடைசி வழி, அதே துறைக்குள் வேறு கம்பனிக்கு மாறுவது. இந்த விசாவில் அது முடியும். ஆனால் புது இடம் கையில் வரமுதல் பழையதை விடவேண்டாம்.

மருமகனுக்கு நான் சொன்னது ஒன்றுதான், தனியப் போகாதே என்று. அவனோடு ஒரே வரிசையில் இரண்டு வியட்நாம் பிள்ளைகள் நிற்கிறார்கள். மூன்று பேரும் கிஹொன்க்யூவை ஒரு கொப்பித்தாளில் எழுதிப் பார்த்தார்கள், மூன்றும் மூன்று விதம். தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். வழக்கம்போல ஒரு வரிக்கு மேலே அவனுடைய கட்டைவிரல்.