உங்க ஸ்பீட்வே கிளப் அடுத்த சீசன் இருக்குமா? நாமளே பாத்து தெரிஞ்சுக்கிறது எப்படி

பிரிட்டன்ல குளிர்காலம் வந்தாலே ஏதாவது ஒரு ஸ்பீட்வே கிளப் "வர்ற சீசன் ஓட்டல"ன்னு அறிக்கை விடும், உடனே எல்லாரும் அய்யய்யோ எப்படி இப்படி ஆச்சுன்னு அடிச்சுக்குவோம். உண்மையில பாதி கிளப்புக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே அறிகுறி எல்லாம் பப்ளிக்கா கிடந்திருக்கும், யாரும் தேடிப் பாக்கல அவ்வளவுதான். அதை எங்க தேடணும், எந்த வரிசையில பாக்கணும்னு எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

விளையாட்டே தெரியாதவங்களுக்கு: பிரேக் கிடையாது, ஒரே கியர், 500 சிசி பைக், மெத்தனால்ல ஓடும், ஷேல்னு ஒரு பொடிக்கல் தரை, நாலு பேர் (டீமுக்கு ரெண்டு பேர்) நாலு சுத்து, எப்பவும் இடது பக்கமாவே வளைவு, ஒரு நிமிஷத்துல கதை முடிஞ்சிரும். அந்த மாதிரி 15 ஹீட் சேந்தா ஒரு மேட்ச்.

தொடங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஜெயிக்கிறதுக்கும் பிழைக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. வொர்க்கிங்டன் 2018ல சாம்பியன்ஷிப்ங்கிற கீழ் லீக்கை ஜெயிச்சுது, அந்தக் குளிர்காலமே மூடிட்டாங்க. ஸ்விண்டன் 2019ல பிரீமியர்ஷிப்ங்கிற மேல் லீக்ல சாம்பியன், 2020ல கோவிட்னால சீசனே நடக்கல, அதுக்கப்புறம் அந்த டீம் டிராக்ல இறங்கவே இல்ல. பீட்டர்பரோ 2021 சாம்பியன், 2023 முடிஞ்சதும் மைதானம் கையை விட்டுப் போச்சு. அதனால பாயின்ட்ஸ் டேபிளை மூடி வச்சிருங்க, அதுல நமக்கு வேணும்ங்கிற பதில் இல்ல.

மொதல்ல நிலம் யாரோடதுன்னு பாருங்க. கூட்டம் குறைஞ்சா கிளப் மெலிஞ்சுக்கிட்டே போகும், ஆனா ஒரே நாள்ல கொல்றது நிலம்தான். இங்கிலாந்து, வேல்ஸ்னா லேண்ட் ரெஜிஸ்ட்ரி வெப்சைட்ல சில பவுண்ட் கட்டினா ஸ்டேடியம் யார் பேர்ல இருக்குன்னு பத்திரமே கிடைக்கும். அப்புறம் அந்த ஊர் கவுன்சிலோட பிளானிங் பக்கத்துக்குப் போயி ஸ்டேடியம் இருக்கிற தெருவோட போஸ்ட்கோடைப் போட்டுத் தேடுங்க, அந்த இடத்துலயோ பக்கத்துலயோ வீடு கட்ட விண்ணப்பம் இருக்கான்னு பாருங்க. அதோட கவுன்சிலோட லோக்கல் பிளான்னு ஒரு பெரிய ஆவணம் இருக்கும், படிக்கவே தூக்கம் வரும், ஆனா அதோட மேப்ல உங்க ஸ்டேடியத்தை "குடியிருப்புக்கு ஒதுக்கின இடம்"னு கலர் அடிச்சிருந்தா கதை எந்தப் பக்கம் போகுதுன்னு புரிஞ்சிரும்.

கவென்ட்ரி விஷயத்தை இதுக்குப் பாடமாவே வச்சுக்கலாம். பிராண்டன் ஸ்டேடியத்துல 2016தான் கடைசி சீசன், ஓனர் அங்க வீடு கட்டணும்னு விண்ணப்பம் போட்டாங்க, ரசிகர்கள் விடாம சண்டை போட்டாங்க, 2022ல ரக்பிங்கிற ஊரோட கவுன்சில் அனுமதி மறுத்துச்சு, டெவலப்பர் அப்பீல் போயும் தோத்தாங்க. கேக்க நல்லா இருக்குல்ல? ஆனா இதுக்குள்ள ஸ்டேடியம் பாழாகி, தீ வச்சு, உடைச்சு எறிஞ்சு எலும்புக்கூடா நிக்குது. பிளானிங்ல ஜெயிச்சா வீடு வராம தடுக்கலாம், ரேஸ் தானா திரும்பி வராது. அதனால பூட்டின பிறகு போராடுறதை விட, கேட் திறந்திருக்கும்போதே விண்ணப்பத்தைப் பிடிக்கிறது ரொம்ப முக்கியம்.

ஓனர் யாருங்கிறதைப் பொறுத்து ஆபத்தோட ரகமும் மாறும். ஷெஃபீல்டு ஓலர்டன் மாதிரி நாய் ரேஸ் நடக்குற ஸ்டேடியத்துல வாடகைக்கு இருக்கிற கிளப்புன்னா நாய் ரேஸுக்குப் போக மிச்சம் இருக்கிற ராத்திரிதான் கிடைக்கும், மது பார், சாப்பாடு வருமானமும் பொதுவா லேண்ட்லார்டுக்குத்தான். வுல்வர்ஹாம்ப்டன் மான்மோர் கிரீன்ல ஸ்பீட்வே 1928லயே ஆரம்பிச்சது, அந்த ஸ்டேடியம் லாட்புரோக்ஸ் கைல, அவங்க இனிமே இடம் தர முடியாதுன்னுட்டாங்க, 2023தான் அந்த ஊர் கிளப்பான வுல்வ்ஸுக்கு கடைசி சீசன். அத்தனை வருஷ சரித்திரம் இருந்தும் ஒரு நோட்டீஸுக்கு நிக்கல. லெஸ்டர் போமான்ட் பார்க், ஸ்கன்தோர்ப் மாதிரி ஸ்பீட்வேக்குன்னே கட்டின டிராக்னா மனசுக்குக் கொஞ்சம் தெம்பு. ஆனா சொந்தமா கட்டினது, புதுசுன்னு மட்டும் நம்பிடாதீங்க, மான்செஸ்டர்ல நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியம் 2016 மார்ச்ல திறந்த அன்னைக்கே டிராக் சரியில்லன்னு மீட்டிங் நின்னுபோச்சு, அந்த சீசன் முடியிறதுக்குள்ள அதை நடத்தின ஆளுங்க பணச்சிக்கல்ல மாட்டி, அடுத்த வருஷம் பெல் வ்யூ கிளப்பை வேற ஆளுங்க எடுத்து நடத்த வேண்டியதாச்சு. 2025ல கார்டிஃப்ல இருந்து பிரிட்டிஷ் கிராண்ட் பிரியே அங்க வந்துருச்சு, அது வேற விஷயம் (1981ல வெம்ப்ளியில வேர்ல்டு ஃபைனலுக்கு 90,000க்கு மேல கூட்டம், இப்ப சில ஆயிரம் பேர் கொள்ற இடத்துல, சந்தோஷமா வருத்தமான்னே தெரியல).

அடுத்து கேட் கணக்கு, அதாவது டிக்கெட் வசூல். இதைப் போட்டுப் பாத்தாதான் கிளப்பை நடத்துற ப்ரமோட்டர் மேல இருக்கிற கோபம் குறையும். டிக்கெட் 20 பவுண்ட்னு வச்சுக்கோங்க. அதுல 20 சதவீத வாட் உள்ளேயே அடங்கி இருக்கு, அதாவது 3 பவுண்ட் 33 பென்ஸ் அரசாங்கத்துக்கு, கிளப்புக்கு 16.67. முழு டிக்கெட் 800 பேர்னா கிட்டத்தட்ட 13,300. ஆனா கூட்டத்துல நிறைய பேர் பென்ஷன் வாங்குறவங்க, குறைஞ்ச ரேட்டு, குழந்தைங்க சில கிளப்ல இலவசம், சீசன் டிக்கெட் ஆளுங்க காசை எப்பவோ கொடுத்து அது செலவும் ஆயிருச்சு. அதனால அந்த 13,300ஐ இன்னும் கணிசமா வெட்டிக்கோங்க.

இப்ப செலவு. ரைடர்களுக்கு மாசச் சம்பளம் இல்ல, பாயின்டுக்கு இவ்வளவுன்னு காசு. ஒரு ஹீட்ல 3, 2, 1, 0, மொத்தம் 6, 15 ஹீட்டுக்கு 90, ரெண்டு டீமும் சரிசமமா ஓட்டினா டீமுக்கு 45, அதுக்கு மேல சொந்த டீம்காரன் பின்னாடியே வந்து முடிச்சா போனஸ் பாயின்ட், அதுக்கும் காசு. அப்ப சுமார் 50 பாயின்டுக்கு பில் வரும். பாயின்டுக்கு 100 பவுண்ட்னு ஒரு பேச்சுக்கு வச்சா (ஒவ்வொருத்தருக்கும் ரேட் வேற, இது கணக்குக்காக மட்டும்) 5,000. இங்கதான் நிறைய பேர் தப்பு விடுவாங்க: வெளியூர்ல ஓட்டுற மேட்சுக்கும் நம்ம ரைடர்களுக்கு நம்ம கிளப்தான் கொடுக்கணும், ஆனா அந்த கேட் காசு அந்த ஊர்க்காரங்களுக்கு. ஆக சொந்த மைதானத்துல நடக்குற ஒரு ராத்திரி ரெண்டு மேட்ச் சம்பளத்தை சுமக்குது, 10,000. இதுக்கு மேல வாடகை, ஆம்புலன்ஸ், டாக்டர், ரெஃபரி, இன்ஷூரன்ஸ், ஷேல், ஏர் ஃபென்ஸ் (காத்தடைச்ச பாதுகாப்பு வேலி) பராமரிப்பு, டிராக்டர் டீசல். டிராக்ல கொடி பிடிக்கிறவங்க, குப்பை பொறுக்குறவங்கல்லாம் பெரும்பாலும் சும்மா வந்து வேலை செய்ற ரசிகர்கள், அவங்களும் காசு கேட்டா இந்த விளையாட்டு நாளைக்கே முடிஞ்சது. மழை வந்து மூணு ஹீட்ல நின்னா? கூட்டத்துக்கு மறு டிக்கெட் கொடுத்தாகணும், ஆம்புலன்ஸ்காரர் பில்லைக் குறைக்க மாட்டார்.

கூட்டத்தை எண்றது எப்படி. கிளப்புங்க பொதுவா எண்ணிக்கையை வெளியிடாது, அதனால நீங்கதான் எண்ணணும். பக்கத்து ஊர் டீமோட மோதுற டெர்பி, பேங்க் ஹாலிடே, சீசனோட முதல் மீட்டிங் இதெல்லாம் வேண்டாம், ஏமாத்தும். மே கடைசியிலயோ ஜூன்லயோ ஒரு சாதாரண வார நாள், சுமாரான எதிரணி, மழை வராத ராத்திரி. அஞ்சாவது ஹீட் வாக்குல எண்ணுங்க, அதுக்குள்ள லேட்டா வர்றவங்களும் வந்திருப்பாங்க. ஒரு வளைவுல ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிக்கிற ஆளை எண்ணி, அந்த மாதிரி எத்தனை இடைவெளி இருக்கோ அதால பெருக்கி, கிராண்ட்ஸ்டாண்டை வரிசை வரிசையா தனியா. துல்லியம் வேணாம், அடுத்த வருஷம் அதே வாரம் அதே மாதிரி எண்ணினா போதும், நமக்கு வேண்டியது நம்பர் எந்தத் திசையில போகுதுன்னு. கூடவே இருபது வயசுக்குக் கீழ எத்தனை பேர்னும் பாருங்க.

மேட்ச் அன்னைக்கு விக்கிற புரோகிராம் புத்தகத்தையும் பாருங்க. பிரிட்டிஷ் ஸ்பீட்வே ரசிகர்கள் கையில பேனாவோட ஹீட்டுக்கு ஹீட் ஸ்கோர் எழுதுவாங்க, அந்த கட்டம் போட்ட நடுப்பக்கத்துல அச்சடிச்ச பேரை எத்தனை இடத்துல அடிச்சு வேற பேர் எழுத வேண்டி வருதுன்னு கவனிங்க. ஏழு பேர் டீம்ல ஒருத்தருக்கு அடி, அவருக்கு பதில் வேற கிளப்ல இருந்து கெஸ்ட், இன்னொருத்தர் வேற நாட்டு லீக்ல மாட்டிக்கிட்டார், அவருக்கு பதில் ரைடர் ரீப்ளேஸ்மென்ட், அதாவது அவரோட ஹீட்டை டீம்ல மத்தவங்க பிரிச்சு ஓட்டுறது, மூணாவது ஆள் மேல் லீக்லயும் கீழ் லீக்லயும் ரெண்டு கிளப்புக்கு ஓட்டுறவர், போன வாரம்தான் நம்மளை எதிர்த்து ஓட்டினார். புதுசா வர்றவனுக்கு இது யார் டீம்னே புரியாது. அதோட டீம் பலமா இருந்தா அடுத்த வருஷம் ஆவரேஜ் பாயின்ட் லிமிட்டுக்குள்ள (டீம் ரைடர்களோட சராசரி பாயின்ட்டைக் கூட்டினா இதைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு வரம்பு) அடங்காம பிரிச்சாகணும், ஜெயிச்ச டீமையே கலைக்கிற விளையாட்டு, என்னத்த சொல்ல.

எந்தக் கிழமைங்கிறதும் ஒரு அறிகுறி. போலந்து லீக் வாரக்கடைசி, ஸ்வீடன் செவ்வாய், நல்ல ரைடர்கள் அங்க காசுக்குப் போறாங்க, அதனால இங்க பிரீமியர்ஷிப் திங்கள், வியாழன்னு ஒதுங்கிருச்சு. ஷெஃபீல்டுக்கு வியாழன் காலங்காலமா பழக்கம், பிரச்சனை இல்ல. ஆனா வெள்ளி சனி பழக்கமான ஊர்ல திடீர்னு திங்கள்கிழமைன்னு மாத்தினா, மறுநாள் ஸ்கூல் இருக்கிற பிள்ளைகளோட குடும்பம்தான் முதல்ல வர்றதை நிறுத்தும். கிழமை மாத்தின வருஷத்தை உங்க எண்ணிக்கையில தனியா குறிச்சு வைங்க.

கம்பெனிஸ் ஹவுஸ், அதாவது அரசாங்கத்தோட கம்பெனி பதிவேடு. இது ஃப்ரீ. கிளப் வெப்சைட் அடியில கம்பெனி பேர் இருக்கும், அதைத் தேடினா வருஷக் கணக்கு பிடிஎஃப்ல வரும். சின்ன கம்பெனிங்கிறதால வரவு செலவு காட்ட மாட்டாங்க, பேலன்ஸ் ஷீட் மட்டும்தான். பாக்க வேண்டியது "ஒரு வருஷத்துக்குள்ள கட்ட வேண்டிய கடன்" வரியும் கடைசியில நிகர சொத்து மைனஸான்னும். மைனஸ்னு பாத்ததும் பயப்படாதீங்க, நிறைய கிளப் ப்ரமோட்டர் தன் சொந்தக் காசை கடனா போட்டுத்தான் ஓடுது, அது மைனஸாத்தான் தெரியும். கேள்வி என்னன்னா அந்த மைனஸ் வருஷா வருஷம் வளருதா, அந்த மனுஷனுக்கு வயசு என்ன, அவருக்கு அப்புறம் யார். கணக்கு தாக்கல் பண்றதே லேட்டு, கம்பெனியை பதிவேட்ல இருந்து நீக்கப் போறோம்னு கெஸட் நோட்டீஸ், டைரக்டர்கள் அடுத்தடுத்து விலகல், இதுல ரெண்டு சேந்து வந்தா உஷார்.

சீசன் நடுவுல நின்ன கிளப்பும் உண்டு, பர்மிங்காம் 2014ல, ரை ஹவுஸ் 2018ல, நியூகாசில் 2022ல. வானம் வெளிச்சமா இருக்கும்போதே "மழை வரும்போல"ன்னு மீட்டிங்கை ரத்து பண்றது, ரைடர் காசு வரலன்னு முணுமுணுக்கிறது, திடீர் பக்கெட் கலெக்‌ஷன், இதெல்லாம் பாத்தா காதைத் தீட்டி வச்சுக்கோங்க.

சரி, பாத்தாச்சு, என்ன பண்ணலாம். இங்கிலாந்துல 2011 லோக்கலிசம் சட்டப்படி அந்தப் பகுதியைச் சேந்த 21 பேர் ஒரு குழுவா சேந்தாலே ஸ்டேடியத்தை சமூகத்துக்கு மதிப்புள்ள சொத்துன்னு பட்டியல்ல சேக்க கவுன்சில்ல மனு போடலாம். ஓனர் விக்கப் போனா ஆறு மாசம் வரைக்கும் அவகாசம் கிடைக்கலாம், நம்மகிட்டதான் விக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா மூச்சு விட நேரம். பிளானிங் ஆட்சேபணை எழுதும்போது "எங்க அப்பா கூட்டிட்டு வருவார்"னு எழுதாதீங்க, அதுக்கு எடை இல்ல. தேசிய பிளானிங் கொள்கையில விளையாட்டு வசதியை எடுத்தா அது தேவையில்லன்னு நிரூபிக்கணும் இல்ல அதுக்கு ஈடா ஒண்ணு கட்டணும்னு இருக்கு, அந்த இடத்தைப் பிடிச்சு எழுதுங்க: பக்கத்து டிராக் எத்தனை மைல், வேற எங்க ஓட்டலாம், மாற்று இடம் காட்டினாங்களா. ஆக்ஸ்போர்டுல 2007க்கு அப்புறம் ஸ்பீட்வே இல்லாம கிடந்து 2022ல திரும்ப வந்துச்சு, காரணம் ஸ்டேடியம் இடிபடாம நின்னதுதான்.

காசு விஷயத்துல, பாருல செலவு பண்றதை விட கிளப்போட சொந்தக் கடை, புரோகிராம், ராஃபிள்ல செலவு பண்ணுங்க, அதுதான் கிளப் கைக்குப் போகும். மேகம் மூட்டமா இருக்கிற ராத்திரி வீட்லயே ஸ்ட்ரீம் பாத்துக்கலாம்னு உக்காராம போங்க, கிளப் நஷ்டப்படுறதே அந்த ராத்திரிதான்.

சீசன் டிக்கெட்டை மட்டும் யோசிச்சு வாங்குங்க. நவம்பர் டிசம்பர்ல கொடுக்கிற காசு நடைமுறையில கிளப்புக்கு நீங்க கொடுக்கிற கடன்தான், பல சமயம் அது போன சீசன் பாக்கியை அடைக்கப் போகுது. டிராக் யாரோடது, லீஸ் எந்த வருஷம் வரைக்கும்னு ரசிகர் கூட்டத்துல நேராவே கேளுங்க, பதில் சுத்தி வளைச்சு வந்தா வாராவாரம் கேட்ல கட்டிப் போங்க. வாங்கத்தான் போறீங்கன்னா கிரெடிட் கார்டுல வாங்குங்க, விலை 100 பவுண்டுக்கு மேல இருந்தா நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவுல கிளப் மூடினாலும் கார்டு கம்பெனிகிட்ட கேக்கலாம், டெபிட் கார்டு, கேஷ்னா அந்த உரிமை கிடையாது.